நடுக்குவாதம்: முதுமை அன்று, நோய்

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் கை, மடியில் சும்மா கிடக்கும்போதே நடுங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல ஒன்றோடொன்று உரசிக் கொண்டிருக்கும். எழுந்து நடந்தால் உடல் முன்னே குனியும். கால்கள் தரையைத் தேய்க்கும். ஒரு கை மட்டும் வீசாமல் தொங்கும். கையெழுத்துப் போடச் சொன்னால் எழுத்துகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். முகத்தில் சிரிப்பும் தெரியாது, கோபமும் தெரியாது. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அப்படிச் சொல்வது தவறு. மேலே கண்ட குறிகளெல்லாம் ஒரே நோயைச் சேர்ந்தவை. நடுக்குவாதம் என்றும் பார்க்கின்சன் நோய் என்றும் அதற்குப் பெயர். உலகில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. பெரும்பாலும் அறுபது வயதையொட்டி வருகிறது என்பது உண்மை. ஆயினும் நாற்பது வயதிலும் வரக்கூடும். தொண்ணூறு வயதுவரை வாழ்கிற பெரும்பாலோருக்கு வராமலும் இருக்கும். ஆகவே இது முதுமையின் மறுபெயர் அன்று.

இந்த வேறுபாட்டை மனித இனம் எப்படித் தெரிந்துகொண்டது? அதற்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றில் ஒரு தெரு மருத்துவர் வருகிறார், ஒரு நாற்காலி வருகிறது, நம் வேலியோரத்துப் பூனைக்காலிக் கொடியும் வருகிறது. நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கதையில் வேதியியலும் மின்சாரமும் செய்த பணியைப் பார்க்கும்போது, இதை மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

தெருவில் நின்று பார்த்தவர்

இலண்டன் மாநகரின் ஒரு பகுதி ஹாக்ஸ்டன். அங்கே 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்தார். தந்தையும் மருத்துவர், மகனும் அதே வீட்டில் அதே தொழிலைத் தொடர்ந்தார். பார்க்கின்சனுக்கு ஆர்வங்கள் பல. பழங்காலத்து உயிர்கள் கல்லாகிக் கிடப்பதை ஆராய்ந்து மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். 1807-இல் இலண்டன் புவியியல் கழகத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். ஏழைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டு நூல்கள் வெளியிட்டார். 1794-இல் அரசரைக் கொல்லச் சதி நடந்ததாக ஒரு வழக்கு எழுந்தபோது, அரசரின் ஆலோசனை சபை அவரையும் அழைத்து விசாரித்தது.

இத்தனை வேலைகளுக்கு நடுவே அவர் தம் தெருவில் போகிறவர்களையும் கவனித்துக் கொண்டிருந்தார். 1817-ஆம் ஆண்டு, தமது 62-ஆம் வயதில், 66 பக்கங்களில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நடுக்குவாதத்தைப் பற்றிய கட்டுரை அது. அதில் வருகிற நோயாளிகள் மொத்தம் ஆறு பேர்தாம். அவர்களிலும் எல்லோரும் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர். சிலரை அவர் தெருவில் கண்டு நிறுத்திப் பேசினார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி.

முதல் நோயாளி ஒரு தோட்டக்காரர். குடிப்பழக்கம் இல்லாத, ஒழுங்கான வாழ்க்கை நடத்தியவர். இன்னொருவர் முன்னாளில் கப்பலில் வேலை பார்த்தவர். ஸ்பெயின் நாட்டுச் சிறையில் பல மாதங்கள் ஈரத்தரையில் படுத்ததால்தான் தமக்கு இது வந்தது என்று அவர் நம்பினார். தொலைவில் கண்ட மனிதருக்கோ நடக்கவே வராது, ஓடத்தான் வரும். அவருடைய பணியாள் எதிரே நின்று தோள்களில் கைவைத்து அவரை நிலைப்படுத்துவார். புறப்படலாம் என்று அவர் சொன்னதும் பணியாள் விலகி முன்னே ஓடுவார். விழுந்தால் தாங்கிக்கொள்ள வேண்டுமல்லவா!

பார்க்கின்சன் செய்த பெரிய காரியம் என்ன? நடுக்கம், குனிந்த உடல், ஓட்டநடை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பலர் முன்பே கண்டிருந்தார்கள். வெவ்வேறு மனிதர்களிடம் இவை ஒரே ஒழுங்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருகின்றன என்பதை அவர்தான் கண்டு, ஒரே நோயாகச் சேர்த்துக் காட்டினார். நோயாளியின் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் குறிப்பிட்டார். இது முழு உண்மை அன்று. ஆண்டுகள் பல சென்றபின் பலருக்கு நினைவாற்றல் குறைவதையும், மனச்சோர்வு வருவதையும் பின்வந்த மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் நோயின் தொடக்க ஆண்டுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதைப் பெரும்பாலும் ஏற்கலாம். உடல் தாமதிக்கிறது என்பதால் மனமும் தாமதிக்கிறது என்று கொள்ளக்கூடாது.

நோய்க்குக் காரணம் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். இது சரியன்று. கழுத்தில் இரத்தம் எடுக்கலாம் என்று சிகிச்சை சொன்னார். இதுவும் சரியன்று. ஆனால் தம் கருத்து ஊகம்தான் என்பதை ஒளிக்காமல் எழுதி, உடற்கூறு வல்லுநர்கள் மேலும் ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1824-இல் அவர் இறந்தபோது அவருடைய பெயரை யாரும் அந்நோய்க்குச் சூட்டியிருக்கவில்லை. இன்று அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளே உலகப் பார்க்கின்சன் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெயரும் நாற்காலியும்

பெயர் சூட்டியவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர். பாரிஸ் நகரத்தில் சால்பெட்ரியேர் என்ற மிகப் பெரிய மருத்துவமனை உண்டு. ஆதரவற்ற முதிய பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தங்கியிருந்தார்கள். 1862-இல் அங்கே தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்ற ஜான் மார்ட்டின் ஷார்கோ, அவர்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

நடுக்குவாதம் என்ற பெயரே பொருத்தமில்லை என்றார் ஷார்கோ. ஏனென்றால் இந்நோயாளிகள் சிலருக்கு நடுக்கமே இருப்பதில்லை; தசைகளில் பலமும் தொடக்கத்தில் குறைவதில்லை. தசைகள் விறைத்துப் போவதும், எந்தச் செயலையும் தொடங்கத் தாமதம் ஆவதும்தான் முக்கியமான குறிகள். ஆதலால் முதலில் விவரித்தவரின் பெயராலேயே பார்க்கின்சன் நோய் என்று அழைக்கலாம் என்று சொன்னார். நடுக்கங்களை அவர் வகை பிரித்த முறையும் எளிமையானது. நோயாளியின் தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பியை வைத்தார். தலை நடுங்கினால் இறகின் நுனி பெரிதாக ஆடும். சிறு அசைவை நெம்புகோலால் பெரிதாக்கிக் காட்டும் அதே தத்துவம்தான்.

இன்னொரு விஷயத்தையும் அவர் கவனித்தார். இரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கிக் குலுங்கி வந்த நோயாளிகள், தங்களுக்கு உடம்பு இலேசாக இருப்பதாகச் சொன்னார்கள். உடனே ஷார்கோ, விசையால் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். நோயாளிகளை அதில் அமர்த்திப் பார்த்தார். 1892-இல் அதைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். அடுத்த ஆண்டே அவர் காலமானதால் அந்த ஆய்வு நின்று போயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, 2012-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை மீண்டும் சோதித்தது. ஒரு பிரிவினரை அதிரும் நாற்காலியிலும், மற்றொரு பிரிவினரை அதிராத நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். இரு பிரிவினருமே நலம் கண்டார்கள். அதிர்வினால் தனிப்பயன் இல்லை. வசதியாக ஓய்ந்து உட்கார்ந்ததே பலன் தந்திருக்கிறது. ஒரு சிகிச்சையைச் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா?

கோளாறு எங்கே?

மூளையின் அடிப்பகுதியில், நடுமூளை என்னும் இடத்தில், இருபுறமும் கருமையான இரண்டு பட்டைகள் உண்டு. அங்குள்ள நரம்பணுக்களில் கரு நிறமி இருப்பதால் அந்த நிறம். இலத்தீன் மொழியில் இதைச் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பர். நாம் கரும்பட்டை என்றே சொல்லிக்கொள்வோம். 1893-இல் ஷார்கோவின் மருத்துவமனையில் ஒரு காசநோயாளி இறந்தார். அவருக்கு உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் நடுக்குவாதம் இருந்தது. மூளையைத் திறந்து பார்த்தபோது, எதிர்ப்பக்கத்துக் கரும்பட்டையைக் காசநோய்க் கட்டி ஒன்று அழித்திருந்தது. இதைக்கொண்டு எட்வார் பிரிசோ என்ற மருத்துவர், நோயின் இருப்பிடம் இதுவாக இருக்கலாம் என்று கருதினார்.

1912-இல் ஃபிரெடரிக் லூயி என்ற ஜெர்மானியர், இந்நோயாளிகளின் மூளை அணுக்களுக்குள் உருண்டையான சிறு பொருள்களைக் கண்டார். அவற்றை இன்று லூயி உருண்டைகள் என்கிறோம். 1919-இல் டிரெட்யாகோஃப் என்ற ரஷ்ய இளைஞர் பாரிஸில் தம் பட்டத்துக்காகப் பல மூளைகளை வெட்டிப் பார்த்தார். பார்க்கின்சன் நோயாளிகளின் கரும்பட்டை நிறம் வெளுத்து, அணுக்கள் அழிந்து காணப்பட்டன. இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பது தெரியவில்லை. அது தெரியாமல் மருந்து தேடுவது, எந்தக் கம்பி அறுந்தது என்று அறியாமல் வானொலிப் பெட்டியைப் பழுது பார்ப்பது போன்றதுதான்.

மருந்து இருந்தது, கேள்வி இல்லை

இனிமேல் வருவதுதான் இந்த வரலாற்றின் விந்தையான பகுதி. நோய்க்கு ஏற்ற மருந்து, நோயின் காரணம் தெரிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மனிதர் கையில் இருந்தது!

வைட்டமின் என்ற சொல்லைப் படைத்த காசிமிர் ஃபங்க், 1911-இல் டோபா என்ற அமினோ அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தார். 1913-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலார், ஐரோப்பாவில் விளையும் ஒருவகை அவரையிலிருந்து அதன் இயற்கை வடிவமான லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். அதில் இரண்டரை கிராமைத் தாமே விழுங்கியும் பார்த்தார். கடுமையாக வாந்தி எடுத்ததுதான் மிச்சம். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் பெரிய விளைவு ஒன்றும் தெரியவில்லை. உடலில் பயனற்ற ஒரு பொருள் என்று அது அலமாரிக்குப் போய்விட்டது.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆய்வு செய்துவந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் நமக்குத் தெரிந்த ஒரு விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தார்கள். அந்த விதை பூனைக்காலி! வேலியில் படர்ந்து, காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்க வைக்குமே, அதே கொடிதான். நம் நாட்டு வைத்தியர்கள் வாத நோய்களுக்கு அதன் விதையை நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆயுர்வேத நூல்கள் நடுக்கத்தைக் கம்பவாதம் என்று குறிப்பிடுகின்றன. ஆனால் சென்னை ஆய்வு நடந்தபோது, இந்தப் பொருளுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்று உலகில் எவருக்கும் தெரியாது. விடை மேசைமேல் இருந்தது. கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1938-இல், ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ் இன்னொரு கண்ணியைக் கண்டார். உடலிலுள்ள ஒரு நொதி, டோபாவை டோபமின் என்ற பொருளாக மாற்றுகிறது. டோபமின் என்பது வேறு ஹார்மோன்கள் உண்டாகும் வழியில் உள்ள ஒரு படி மட்டுமே என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

முயல்கள் எழுந்தன

கேள்வியைப் பிறப்பித்ததிலும் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பங்கு உண்டு. அதுதான் சர்ப்பகந்தா. அதன் வேர் இரத்தக் கொதிப்பையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கும் என்று 1931-இல் கல்கத்தா மருத்துவர்கள் இருவர் எழுதினார்கள். 1952-இல் பாசலில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். மன நோயாளிகளுக்கு அது பெரிய அளவில் கொடுக்கப்பட்டது. அப்போது ஒரு பக்க விளைவு தெரிந்தது. மருந்துண்ட சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே விறைத்துப்போய் மெல்ல நடந்தார்கள். மருந்தை நிறுத்தினால் சரியாயிற்று.

1957-இல் சுவீடனின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். சில நிமிடங்களில் முயல்கள் எழுந்து துள்ளத் தொடங்கின! டோபமின் வெறும் இடைப்பொருள் அன்று, மூளையில் செய்தி கடத்தும் பொருள் என்று கார்ல்சன் முடிவு செய்தார். 1960-இல் இலண்டனில் நடந்த கூட்டத்தில் புகழ்பெற்ற அறிஞர்கள் பலர் இதை ஏற்க மறுத்தார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து, 2000-இல், இதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் என்ற இளம் ஆய்வாளர் அடுத்த கேள்வியைக் கேட்டார். மனித மூளையில் என்ன நடக்கிறது? 1960-இல் அவரும் ஏரிங்கரும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். அயோடின் சேர்த்தால் டோபமின் இளஞ்சிவப்பு நிறம் தரும். மற்றவர்களின் மூளைச் சாற்றில் அந்த நிறம் வந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் ஆறு பேரின் மூளைச் சாற்றிலோ நிறமே அரிதாக இருந்தது. நோய் என்ன என்பதை முதன்முதலாக மனிதர் தம் கண்ணால் சோதனைக் குழாயில் கண்ட நாள் அது.

புதிர் இப்போது விடுபட்டது. கரும்பட்டை அணுக்களின் வேலை டோபமினைத் தயாரித்து, அசைவுகளைச் சீராக்கும் மூளைப் பகுதிகளுக்கு அனுப்புவது. அந்த அணுக்கள் அழிய அழிய டோபமின் குறைகிறது. நோயின் குறிகள் வெளியே தெரிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட டோபமின் போய்விடுகிறது. கையைத் தூக்க வேண்டும் என்ற எண்ணம் நோயாளிக்கு இருக்கிறது. தசையில் வலுவும் இருக்கிறது. இடையில் செயலைத் தொடங்கி வைக்கும் ஏற்பாடுதான் கெட்டிருக்கிறது.

அப்படியானால் டோபமினையே கொடுத்துவிடலாமே என்பீர்கள். முடியாது. இரத்தத்திலிருந்து கண்ட பொருள்கள் மூளைக்குள் புகாதபடி இயற்கை ஒரு தடுப்புச் சுவரை வைத்திருக்கிறது. டோபமின் அதைத் தாண்டாது. அதன் முன்னோடியான லெவோடோபா தாண்டும். உள்ளே போய் டோபமினாக மாறும். 1961 ஜூலையில் வியன்னாவில் பிர்க்மாயர் என்ற மருத்துவர், ஹார்னிகீவிச்சின் வேண்டுகோளின்படி, 50 முதல் 150 மில்லிகிராம் வரை லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்தார்கள். நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள். சில மணி நேரத்தில் பலன் தீர்ந்து பழைய நிலைக்கே திரும்பினார்கள்.

இதை அன்றாட மருந்தாக்கியவர் அமெரிக்காவிலிருந்த கிரேக்கர் ஜார்ஜ் கோட்சியாஸ். 1967-இல் அவர் வெளியிட்ட வழி பொறுமையின் வழி. வாய்வழியாக மிகச் சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டி, நாளொன்றுக்குப் பல கிராம் வரை கொண்டுபோனார். குகன்ஹைமை வாட்டிய வாந்தியை உடல் இப்படிப் பழகித் தாங்கிக்கொண்டது. 1970-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் தந்தது. மூளைக்குப் போகுமுன் வழியிலேயே லெவோடோபா வீணாவதைத் தடுக்கும் கார்பிடோபா, 1970-களில் அதனுடன் சேர்க்கப்பட்டது. அதனால் தேவையான அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இன்றும் இந்த இரண்டும் சேர்ந்த மாத்திரையே முதன்மையான மருந்து.

மருந்தின் எல்லையும் மின்சாரத்தின் வரவும்

மருந்து குறையை நிரப்புகிறதே ஒழிய, அணுக்கள் அழிவதை நிறுத்துவதில்லை. சில ஆண்டுகள் சென்றபின் ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளை வரை நிற்காது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் உடல் தானாக வளைந்து நெளியும்; வேலை செய்யாத நேரத்தில் கல்லாய் உறையும்.

இந்நிலையில் 1982-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு துயர நிகழ்ச்சி நடந்தது. திருட்டுத்தனமாகச் செய்த போதை மருந்தை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், சில நாட்களுக்குள் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்து போனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் காரணத்தைத் தேடினார். தயாரிப்பில் நேர்ந்த பிழையால் எம்பிடிபி என்ற நச்சு அதில் கலந்திருந்தது. கரும்பட்டை அணுக்களைத் தேடிக் கொல்லும் நச்சு அது. வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளாலும் இந்நிலை வரலாம் என்பது அதனால் தெரிந்தது. குரங்குகளிடம் இந்நிலையை உண்டாக்கி, மூளையின் எந்தப் பகுதி அளவுமீறி இயங்குகிறது என்று அறியவும் வழி பிறந்தது.

மின்சாரம் நுழைந்தது பிரான்சில், கிரனோபிள் நகரில். அலிம் லூயி பெனபித் என்ற அறுவை மருத்துவர் இயற்பியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். கட்டுக்கடங்காத நடுக்கத்துக்கு அக்காலத்தில் மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். அழிக்குமுன் சரியான இடம்தானா என்று அறிய, மெல்லிய மின்முனை வழியே சிறு மின்துடிப்புகளை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். 1987-இல் பெனபித் அந்த அதிர்வெண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தார். நொடிக்கு நூறு துடிப்புகளை எட்டியபோது நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. இந்நோயின் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை நிகழ்வது. அதைவிடப் பன்மடங்கு விரைவான துடிப்பு அதை அடக்குகிறது! எதையும் அழிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இன்று மார்பின் தோலுக்கடியில் வைக்கும் சிறு மின்கலப் பெட்டி, கம்பி வழியே இரவும் பகலும் இந்தத் துடிப்புகளை மூளைக்கு அனுப்புகிறது. ஆனால் இது எல்லோருக்கும் ஏற்றது அன்று. மருந்துக்கு நன்கு இணங்கி, பின்னர் அதன் ஏற்ற இறக்கத்தால் துன்பப்படுவோரிலிருந்து ஆராய்ந்து தேர்வு செய்கிறார்கள்.

1997-இல் வேறொரு கதவும் திறந்தது. சில குடும்பங்களில் இந்நோய் பரம்பரையாக வரக் காரணமான மரபணு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபணு உண்டாக்கும் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதமே லூயி உருண்டைகளில் திரண்டு கிடக்கிறது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. இப்புரதம் திரள்வதைத் தடுத்தால் அணுக்களைக் காக்கலாமா என்று இன்று ஆராய்கிறார்கள். நோயை அடியோடு நிறுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த வரலாற்றைப் படித்த நாம் வீட்டில் நடைமுறையில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில், எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் நோய் அன்று. காப்பித் தம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை. சும்மா இருக்கும் கை நடுங்குவது, ஒரு பக்கத்தில் தொடங்குவது, சட்டைப் பொத்தான் போட நேரமாவது, எழுத்து சிறுப்பது ஆகியவை சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகர்வுணர்வு குறைவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவது ஆகியவை பல ஆண்டுகள் முன்னரே சிலருக்கு வருவதுண்டு. வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகள், டோபமினின் வேலையைத் தடுத்து இதே குறிகளை உண்டாக்கும். ஆகவே உண்ணும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

லெவோடோபாவை மருத்துவர் சொன்ன நேரத்தில் தவறாமல் கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவே கூடாது. பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதமும் இம்மருந்தும் உடலுக்குள் ஒரே வாயில் வழியாகப் போகப் போட்டியிடுகின்றன. அதனால் பலருக்கு உணவுக்கு அரை மணி நேரம் முன்பாகவே மாத்திரையைத் தரச் சொல்வார்கள். பூனைக்காலி விதையில் மருந்து இருக்கிறதே, அதையே பொடித்துக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். விதைக்கு விதை அதன் அளவு மாறும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்க வேண்டாம்.

உடற்பயிற்சி மருந்துக்கு அடுத்தபடி முக்கியமானது. நாள்தோறும் நடப்பது, கைகளை வீசி நடப்பது, உரக்கப் படிப்பது எல்லாம் பயன் தரும். குளியலறையில் பிடிமானக் கம்பி வையுங்கள். வழுக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. சமதரையான கூடத்தில் நடக்கும்போது அவர் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனால் மாடிப்படியில் தடுமாறாமல் ஏறிவிடுவார். "படி ஏறத் தெரிகிறது, நடக்க மட்டும் தெரியவில்லையோ? அப்பா நடிக்கிறார்" என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். முகத்தில் சிரிப்பு இல்லாததால் கர்வம் வந்துவிட்டது என்றார்கள் உறவினர்கள். அவர் நடிக்கவில்லை. இந்த வினோதத்தை 1921-லேயே சூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தானாக நடக்கும் ஏற்பாடு கெட்டிருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் குறியை நோக்கிக் காலெடுத்து வைக்க மூளை வேறொரு வழியைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு படியும் அப்படி ஒரு குறி. தரையில் கோடுகள் போட்டால் பல நோயாளிகள் எளிதாக நடக்கிறார்கள் என்று 1960-களில் பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் காட்டினார். விஷயம் தெரிந்தபின் தபால்காரரின் மகன் கூடத்தில் சாக்கட்டியால் ஓர் அடிக்கு ஒரு கோடு போட்டார். பெரியவர் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி வாசல் வரை போய்வந்தார். சாக்கட்டியின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பார்க்கின்சன் 1817-இல் தெருவில் போகும் முதியவர்களை நின்று பார்த்தார். பார்த்ததைச் சேர்த்து யோசித்தார். கரும்பட்டை, டோபமின், மின்முனை எல்லாம் அதற்குப் பின் வந்தவை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பெரியவர் பதில் சொல்லத் தாமதித்தால், சற்றே காத்திருங்கள். அவரிடம் பதில் இருக்கிறது. அவருடைய கை சும்மா இருக்கும்போது நடுங்கினால், "வயதாகிவிட்டது" என்று சொல்லுமுன் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.